மிளகாய் போடாத குழம்பும் எரிந்தது

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்திருந்த சமயம். குழித்துறைப் பக்கம் ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. வீட்டில் அப்போது நானும் மருமகளும் மட்டும்தான். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷமாகிவிட்டது. மகன் கல்யாணம் முடிந்து மூன்றே மாதத்தில் திரும்பவும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். எனக்கு வேலை அண்டியாபீஸில். வெளியூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முந்திரிக்கொட்டையை உடைத்துத் தோல் உரித்துப் பருப்பாக அனுப்புகிற தொழிற்சாலை. பதினெட்டு வயதில் உள்ளே போனவள், அப்போது ஐம்பத்திரண்டு வயதாகியும் அதே கொட்டகையில்தான் இருந்தேன்.

எங்கள் கொட்டகையில் முறுக்கான் போடாத பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. பசி தெரியாது, உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வராது, வறுக்கிற புகை நெஞ்சில் ஏறாது என்றெல்லாம் சொல்லி, வேலைக்குப் போன முதல் வாரமே ஒரு அக்கா மடித்துத் தந்தாள். அன்றைக்குத் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். ஒரு மாதத்தில் நானே மடிக்கப் படித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் இடது கன்னம் சும்மா இருந்த நேரம் குறைவு. தூங்கும்போதுகூட ஒரு துண்டை ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.

அந்த மழைக்காலத்தில் வீட்டில் சண்டை தொடங்கியது, குழம்பால். மருமகள் நன்றாகச் சமைப்பாள். இதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வைத்த சாளை மீன் குழம்பை வாயில் வைத்ததும் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏட்டி, கொழம்பு வச்சியா, இல்ல மொளகாய அரச்சு சட்டியோட எறக்கி வச்சியா?" என்று கேட்டேன்.

மறுநாள் காரத்தைக் குறைத்தாள். எனக்கு எரிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைத்தாள். அப்போதும் எரிந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். புருஷன் பக்கத்தில் இல்லாத கோபத்தை என் தட்டில் காட்டுகிறாள் என்று அண்டியாபீஸில் போய்ச் சொன்னேன். மகனுக்குப் போன் போட்டு, "நீ கெட்டிக்கொண்டு வந்தவ என்னெ பட்டினி போட்டே கொல்லுவா" என்று அழுதேன். அவன் அங்கே என்ன செய்வான், பாவம். அவளைக் கூப்பிட்டு ஏதோ சத்தம் போட்டிருக்கிறான். இரண்டு நாள் அவள் முகம் வீங்கிக் கிடந்தது.

அதோடு நின்றிருந்தாலும் போகட்டும். அவள் பூதப்பாண்டிப் பக்கத்துப் பிள்ளை. அவள் அம்மா மகளைப் பார்க்க ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, "ஒங்க மவளுக்குக் கையில வெஷமாக்கும் இருக்கு" என்றேன். அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். கொண்டுவந்த பழத்தைக்கூட நறுக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அது நடந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோறும் மீன்குழம்பும் விளம்பினாள். முதல் உருண்டையை வாயில் வைத்ததும் எரிந்தது. தட்டை அப்படியே தள்ளிவிட்டேன். குழம்பு தரையில் கொட்டியது.

"தெய்வத்துக்குப் பொறுக்காது கேட்டியா. இன்னைக்கும் மொளகாய வாரி போட்டிருக்க!" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மாமி, இதுல ஒத்த மொளகாய் கெடயாது. மொளகும் கெடயாது. தேங்காயும் மஞ்சளும் பேருக்குக் கொஞ்சம் புளியும். மூணு நாளா இப்பிடித்தான் வைக்கேன்."

"பொய் சொல்லாதட்டி."

அவள் ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "இது என்னட்டி, பிள்ளை பெத்தவளுக்கு வச்ச பத்தியமா? ஒப்புக்குக்கூட ஒறைப்பு இல்லியே?" என்றாள்.

எனக்குத் தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. மருமகளோ அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போனில் டார்ச்சைப் போட்டாள்.

"வாயத் தெறங்க."

திறந்தேன்.

"இன்னும் தெறங்க மாமி."

திறந்துதான் வைத்திருந்தேன். அவ்வளவுதான் திறந்தது. கொஞ்ச காலமாகவே மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளியை அப்படித்தான் சொல்வோம், பிய்த்துப் பிய்த்துத்தான் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பல்லில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். அவள் என் இடது கன்னத்தின் உட்புறத்தைப் போட்டோ எடுத்துக் காட்டினாள். புகையிலை ஒதுக்குகிற இடத்தில் வெள்ளையாக, சுவரில் சுண்ணாம்பு பொரிந்த மாதிரி ஒரு திட்டு.

"ஆசுபத்திரிக்குப் போவோம்" என்றாள்.

"எங்கம்மை எழுவத்தெட்டு வயசு வர முறுக்கான் போட்டா. அவளுக்கு என்ன வந்து? நீ உன் ஜோலியப் பாரு" என்றேன். எனக்கு வீம்பு அதிகம். சின்ன வயசிலேயே விதவையாகி ஒரு பையனை வளர்த்து ஆளாக்கினவளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அன்றைக்கு என்னைவிட ஒரு வீம்புக்காரி என் எதிரில் நின்றாள்.

"செரி, வராண்டாம். ஆனா நாளைக்குக் காலைல பூதப்பாண்டிக்குப் போவோம். எங்க அம்மைக்க முகத்த பாத்து, 'நான் சொன்னது பொய்யாக்கும், ஒன் மவ கையில வெஷம் இல்ல'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து ஒரு கூடை முறுக்கான் வேணும்னாலும் போடுங்க, நான் கேக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு. எது வேணும்?"

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது உயிர்ப் பயத்தில் இல்லை. சம்பந்தியிடம் போய்த் தலைகுனிய முடியாது என்ற வீம்பில்தான் போனேன். உண்மையை எழுதுகிறேன்.

பல் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். "புகையிலை போடுவீங்களாம்மா?" என்றாள். "எப்பவாது" என்றேன். மருமகள் பின்னாலிருந்து, "எப்பவுமே டாக்டர்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூன்று விரலை நிமிர்த்திச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னாள். எல்லாருக்கும் மூன்று விரல் போகுமாம். எனக்கு இரண்டு போவதற்கே தாடை கடுத்தது. பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்துச் சதை நார் மாதிரி இறுகிவிட்டது, அதனால்தான் வாய் திறக்கவில்லை, அதனால்தான் கொஞ்சம் புளி பட்டாலும் எரிகிறது என்றாள். மருந்து போட்டு மரத்துப் போகச் செய்து, வெள்ளைத் திட்டிலிருந்து ஒரு நுணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தையல் போட்டார்கள்.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களிலும் நான் முறுக்கானை விடவில்லை. தையல் போட்ட பக்கத்தை விட்டுவிட்டு வலது பக்கம் போட்டேன். என்னவோ ஆகட்டும், அதையும் பார்க்கிறேன் என்ற திமிர்.

முடிவு சொல்லும்போது டாக்டர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இது இன்னும் புற்றுநோய் ஆகலம்மா. ஆனா அதுக்குப் போற வழியில நிக்குது. இப்ப நிறுத்தினா திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கு."

"போயிலைய விட்டா போதுமா? வெறும் பாக்கு மட்டும் போடட்டா?"

"பாக்கும் கூடாது. புகையிலை இல்லாத பாக்குக்கும் இந்த நோயைக் கொண்டுவரத் தெரியும். பீடி, சிகரெட், குடி இதெல்லாம் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் வரும். நீங்க விடணும்னா முழுசா விடணும்."

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இத்தனை வருஷம் என் கன்னத்துக்குள் உட்கார்ந்துகொண்டு என்னையே தின்றுகொண்டிருக்கிறது இந்தச் சவம், நான் அதைப் பசிக்குத் துணை என்று கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் மடியிலிருந்த முறுக்கான் பொட்டலத்தை எடுத்து அங்கிருந்த குப்பைத் தொட்டியில் எறிந்தேன். மருமகள் என்னையே பார்த்தாள்.

"என்ன பாக்க? பூதப்பாண்டிக்கு எந்த பஸ்ஸு?" என்றேன்.

அன்றைக்கே போனோம். மழையில் நனைந்துகொண்டு சம்பந்தியின் வாசலில் நின்று, "வெஷம் இருந்தது என் வாயிலயாக்கும். உங்க மவ கையில இல்ல. நான் சொன்னது தப்பு" என்றேன். அந்த அம்மாள் துண்டை எடுத்து வந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என் ஆயுசில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அது.

இல்லை, அதைவிடக் கஷ்டம் அடுத்து வந்த நாட்கள். முறுக்கானை விட்டவர்களுக்குத் தெரியும். கை நடுங்கும். காரணமில்லாமல் கோபம் வரும். மருமகளின் நிழலைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். வாய்க்கு வேலை வேண்டுமே என்று சீரகத்தை மென்றேன், சுக்கை மென்றேன். பன்னிரண்டாவது நாள் தோற்றேன். அண்டியாபீஸில் பக்கத்தில் இருந்தவளிடம் வாங்கி ஒரு வாய் போட்டுவிட்டேன். போட்ட சுகம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. பின்னால் போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, வீட்டுக்கு வந்து மருமகளிடம் நானே சொன்னேன். "செரி, நாளைக்கு ஒண்ணாம் நாளு" என்றாள். அதற்கப்புறம் இன்றுவரை இல்லை.

அந்தத் திட்டை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கன்னத்தில் உரசிக்கொண்டிருந்த கூரான கடைவாய்ப் பல்லையும் ராவிச் சரிசெய்தார்கள். வாய் திறப்பதற்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டு தாடையைப் பழக்க வேண்டும், சில நாளுக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும். ஒவ்வொரு குச்சி கூடும்போதும், 'உன்னிடமிருந்து ஒரு குச்சி அகலம் பிடுங்கிவிட்டேன் பார்' என்று மனதுக்குள் அந்த நோயிடம் சொல்வேன்.

ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் எல்லாக் கன்னமும் புடைத்திருந்தது. யாராவது முன்பே என் வாயை ஒரு தடவை பார்த்திருந்தால் என்று தோன்றியது. சரி, நான் பார்க்கிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். எனக்கு நோயைச் சொல்லத் தெரியாது. டாக்டர் சொல்லிக்கொடுத்ததுதான். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, மூன்று விரல் போகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சிரித்தார்கள். "பல்லு டாக்டரம்மா வந்தாச்சு" என்று பட்டம் கட்டினார்கள். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

"நீ அண்டி உரிக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"சாப்பாட்டு மணி என் மணியாக்கும். அதுல நான் என்ன வேணும்னாலும் பாப்பேன்" என்றேன்.

மறுநாளே என்னைத் தோல் உரிக்கிற பகுதியிலிருந்து உடைக்கிற பகுதிக்கு மாற்றினார். உடைக்கிற வேலையில் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கை பொரிந்துபோகும். இளசுகளுக்கே சிரமம். சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே உள்ளவர்களின் வாயைப் பார்க்க வசதியாகப் போயிற்று.

அங்கேதான் அவள் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், எல்லாரையும்விட அதிகமாக என்னைக் கிண்டல் செய்தவள். பல நாள் அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஒருநாள் சோற்றை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மெல்லுவதைப் பார்த்துவிட்டு, "எட்டி, காட்டு" என்றேன். "பல்லு குத்தின புண்ணுக்கா, ஒண்ணும் இல்ல" என்றாள். ஓணத்திலிருந்து இருக்கிறதாம். அப்போது கிறிஸ்மஸ் வரப் போகிற நேரம். டார்ச் அடித்துப் பார்த்தேன்; கன்னத்துக்குள் ஓரம் தடித்து ஒரு புண். நானும் மருமகளும் அவளைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனோம். அவளுக்கு நோய் வழியில் நிற்கவில்லை. வந்தே விட்டிருந்தது. ஆனால் சின்னதாக இருந்தது. திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் மேஸ்திரியிடம் விடுப்புக் கேட்டபோது கொட்டகையில் எல்லாரும் இருந்தோம். அவர் சத்தமாகவே சொன்னார்: "வாய்ப்புண்ணுக்குத் திருவந்தரமா? கிழவி பேச்ச கேட்டு ஆடுகியா? போனா இனி இங்க வராண்டாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்கே திரும்பி வந்தாள். கொட்டையைத் தட்டி உடைக்கிற கட்டையை எடுத்தாள். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவள் அந்தப் புண்ணோடு இங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

நான் என் கட்டையைக் கீழே வைத்தேன்.

"அவ வராண்டாம்னா நானும் வரல்ல" என்றேன்.

"நீ போ, யாருக்கு நஷ்டம்?" என்றார்.

எனக்கு முன்னால் இருந்தவள் கட்டையை வைத்தாள். அவளுக்கு அடுத்தவள் வைத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்டியாபீஸில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அந்தத் தட்டுகிற சத்தம் ஓயவே ஓயாது. அது வரிசை வரிசையாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு கட்டை மட்டும் டக் டக் என்று கேட்டு, அதுவும் நின்றது. முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அந்தக் கூரைக்குக் கீழே நான் முதல்முதலாக அமைதியைக் கேட்டேன். தோல் உரிக்கிற பகுதியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேஸ்திரி ஆபீஸ் அறைக்குள் போய் முதலாளியிடம் போனில் பேசினார். திரும்பி வந்து யாரையும் பார்க்காமல், "போயிட்டு வா. எடம் இருக்கும்" என்றார். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நாங்கள் கட்டையைத் தொடவில்லை.

அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு கன்னம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, சில வார்த்தை வழுக்கும். ஆனால் இருக்கிறாள். பருப்புத் தரம் பிரிக்கிற மேசையில் உட்கார்ந்து, இப்போதும் என்னைத்தான் கிண்டல் செய்கிறாள். அவளைப் பார்த்து முறுக்கானை விட்டவர்கள் பலர். விடாதவர்களும் உண்டு. மேஸ்திரி இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய் வாயைக் காட்டுகிறேன். இதுவரை நல்லபடியாக இருக்கிறது. நாளைக்கு எப்படி என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாண வீடுகளில் இன்னும் வெற்றிலைத் தட்டை நீட்டி, "ஒண்ணு போட்டா செத்தா போவ?" என்று கேட்கிறார்கள். "ஆமா, அப்பிடித்தான் தொடங்கும்" என்று சொல்லித் தட்டை நகர்த்திவிடுகிறேன். நோய் வருவதும் வராமல் போவதும் முழுக்க என் கையில் இல்லை; ஆனால் முப்பத்துநாலு வருஷம் ஒரு இலையும் ஒரு பாக்கும் சொன்னபடி ஆடினவள், இனி அவற்றின் சொல்லுக்கு ஆட மாட்டேன் என்பது மட்டும் முழுக்க முழுக்க என் கையில்தான் இருக்கிறது.